முப்பத்தெட்டாயிரம் பேர் பார்த்த மண்டபம்

நாகல் நகரில் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது 'உச்சி டிஜிட்டல்'. அதன் உரிமையாளர் பிராங்கிளின், விசிட்டிங் கார்டில் தன் பெயருக்குக் கீழே 'தேடல் விஞ்ஞானி' என்று போட்டுக்கொண்டவர். யாராவது கூகுளில் எதையாவது தேடினால், தன்னிடம் வேலை கொடுத்தவர்களின் கடை முதலில் தெரியும்படி செய்வது அவர் தொழில். அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அங்கிருந்து கூடவே கொண்டுவந்தது லேமினேஷன் மிஷின் ஒன்று மட்டும். மாத ரிப்போர்ட்டுகளை அதில் விட்டுச் சூடாக எடுப்பார். "லேமினேட் பண்ணின நம்பர ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்பது அவருடைய விஞ்ஞானத்தின் முதல் விதி. இரண்டாவது விதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அன்று காலை சூடாக வெளியே வந்தது டெய்சி மஹாலின் ரிப்போர்ட். வேடசந்தூர் ரோட்டில், நூல் மில்களுக்கு நடுவே இருக்கிற கல்யாண மண்டபம். நாலு மாதத்துக்கு முன் அதன் வெப்சைட்டை மாதம் நானூறு பேர் பார்த்தார்கள். இப்போது முப்பத்தெட்டாயிரம். நாலு பச்சைத் தூண்கள் படிக்கட்டு மாதிரி ஏறின. நாலாவது தூண் தாளை விட்டே வெளியே குதிக்கப் பார்த்தது.

"எப்புடி?" என்றார் பிராங்கிளின்.

அமலராணி பார்த்தாள். ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இங்கே வந்தவள். சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று விஞ்ஞானி முடிவு செய்வார்.

"முப்பத்தெட்டாயிரம் பேர் பாத்தும் ஒருத்தர்கூட மண்டபம் புக் பண்ணலையே சார்."

"அவசரப்படாதம்மா. மொதல்ல மண்டபத்தப் பாப்பாங்க. அப்புறம் பொண்ணு பாப்பாங்க. அப்புறம் ஜாதகம். எம்புட்டு வேலை இருக்கு!"

"வந்தவங்க சராசரியா பதினோரு செகண்டுதான் இருக்காங்க."

"பாத்த ஒடனே புடிச்சுப் போச்சு."

"விடியக்காலம் நாலே முக்காலுக்குத்தான் சார் கூட்டம் அதிகம்."

"முகூர்த்த நேரம்!" என்றார் பிராங்கிளின். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்தான். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் எல்லா மதத்து நல்ல நேரமும் அவருக்கு ஒத்துவரும்.

அன்றைக்கு இந்த ரிப்போர்ட்டுக்குப் பெரிய வேலை இருந்தது. மண்டபத்துக்கு எதிரே உள்ள மில், புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் மதியச் சாப்பாடு போடவும் மண்டபத்தை ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கேட்டிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். போன வருஷம் முழுக்க ஏழே கல்யாணம் பார்த்த மண்டப உரிமையாளர் டெய்சி, கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். தடுத்து வைத்திருந்தவர் பிராங்கிளின். மண்டபம் மில்லுக்குப் போய்விட்டால் வெப்சைட் எதற்கு? வெப்சைட் இல்லையென்றால் பிராங்கிளின் எதற்கு?

அவருடைய பைக் மெக்கானிக்கிடம் இருந்ததால் அமலராணியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனார். "அங்க வந்து நீ வாயத் தொறக்காத. லேப்டாப்ப மட்டும் மடியில வெச்சு உக்காரு. ஒரு கெத்து இருக்கும்" என்று வழியெல்லாம் உபதேசம்.

டெய்சிக்கு ஐம்பத்தைந்து வயது. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் முனியப்பன் டீ வாங்கப் போனார். பிராங்கிளின் எழுந்து நின்றே பேசினார்.

"மேடம், இது வெறும் நம்பர் இல்ல. முப்பத்தெட்டாயிரம் இதயத்துடிப்பு. இந்த நேரத்துல மில்லுக்குக் குடுத்தீங்கன்னா, வந்து நிக்கிற கல்யாணக் கூட்டத்த வாசல்ல வெச்சே வெரட்டுற மாதிரி."

டெய்சி அந்த வழவழப்பான தாளை வளைத்துப் பார்த்தார். அது நிமிர்ந்துகொண்டது.

"தம்பி, பந்திக்கு எத்தன பேருன்னு நான் எப்புடிக் கணக்கு வெப்பேன் தெரியுமா? வாசல்ல நுழையிற தலைய எண்ண மாட்டேன். மொய் எழுதிட்டு அப்புடியே போறவன் இருப்பான். ஃபேன் காத்துக்கு ஒதுங்குனவன் இருப்பான். வேற மண்டபம்னு நெனச்சு வந்து, மாப்ள மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்புனவன் இருப்பான். பந்தி முடிஞ்சப்புறம் எச்சி எலைய எண்ணுவேன். எலைதான் நெசம். இதுல எலை எத்தன?"

"மேடம், டிஜிட்டல்ல எலைங்கிறது ஒரு மாதிரியான... ஒரு பயணம்."

"எலை எங்க தம்பி பயணம் போகுது?" டெய்சி அமலராணி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ லேப்டாப்ப கைப்புள்ள மாதிரி மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்க? நீ சொல்லு. நாலு மணிக்கு நான் மில்லுக்குப் பதில் சொல்லணும்."

பிராங்கிளின் இருமினார். அது சளி இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வேலை போனால் மறுபடி எங்கே தேடுவது என்பதும் மனசுக்குள் ஓடியது. ஆனால் ஒன்பது வருஷத்தில், விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத ஒரு பிள்ளைக்குக்கூட அவள் மார்க் போட்டதில்லை.

"ஒம்போதுக்கா."

"ஒம்போதாயிரமா?"

"வெறும் ஒம்போது. விசாரிச்சு ஃபாரம் அனுப்புனது அம்புட்டுப் பேர்தான். அதுல ஆறு, ஃபாரம் வேலை செய்யுதான்னு பாக்க எங்க சார் அனுப்புனது. ஒண்ணு உங்க தங்கச்சி மகன். மிச்சம் ரெண்டு." அவற்றைத் திறந்து படித்தாள். "'அக்கா இன்னிக்கு பி ஷிப்ட் பஸ் போயிருச்சா?' இன்னொண்ணு, 'நேத்து பஸ் நிக்காமப் போயிட்டான், கவனிக்கவும்.'"

டீயோடு வந்த முனியப்பன் சிரித்துவிட்டார். "அட, அது பொம்மையன் வண்டி. அவன் பெரேக்கப் பாத்தே வருசமாச்சு."

அமலராணி குற்றத்தை ஒத்துக்கொண்டாள். வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆயிரம் வார்த்தை இருக்க வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. 'மண்டபத்துக்கு வரும் வழி' என்ற பக்கத்துக்கு ஆயிரம் வார்த்தைக்கு எங்கே போவது? இடப்பக்கம் புளியமரம், வலப்பக்கம் பெட்ரோல் பங்க் என்று இழுத்தும் எண்ணூறைத் தாண்டவில்லை. முனியப்பனுக்குப் போன் போட்டு, மண்டப வாசலில் நிற்கும் மில் பஸ்களின் நேரத்தையெல்லாம் கேட்டு ஷிப்ட் வாரியாக எழுதி நிரப்பினாள். அந்த நேரங்களை வேறு யாரும் எங்கும் போட்டிருக்கவில்லை. இப்போது எந்தத் தொழிலாளி போனைப் பார்த்து 'பஸ் எப்ப வரும்' என்று கேட்டாலும், போன் அவரை டெய்சி மஹாலுக்குக் கூட்டி வருகிறது. பதினோரு செகண்டில் நேரத்தைப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

"அதான் விடியக்காலம் கூட்டம்க்கா. ஏ ஷிப்ட்."

பிராங்கிளின் விடவில்லை. தன் போனை நீட்டினார். "மேடம், இதப் பாருங்க. 'கல்யாண மண்டபம்'னு தேடுறேன். யாரு மொதல்ல? நீங்க!"

"சார், நீங்க மண்டபத்துக்குள்ள நின்னு தேடுறீங்க" என்றாள் அமலராணி. "பக்கத்துல இருக்கிறதத்தான் அது மொதல்ல காட்டும். அதோட, தெனம் நாலு தடவ இதையே தேடுற போன் அது, உங்களுக்கு எது வேணும்னு அதுக்குப் பழகிருச்சு."

டெய்சி உடனே சித்தையன்கோட்டையில் இருக்கிற தங்கை வினோலியாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தேடச் சொன்னார்.

"தள்ளிக்கிட்டே இருக்கேன்க்கா," என்றது அந்தக் குரல். "ஒட்டன்சத்திரம் வருது, பழனி வருது, கேரளாகூட வருது. ஒன்னையக் காணோம். வெரலு வலிக்குது, வெச்சுரட்டா?"

பிராங்கிளின் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

"மாசக் கணக்கு கெடக்கட்டும். நாள் கணக்கு இருக்கா?" என்றார் டெய்சி.

அமலராணி லேப்டாப்பைத் திருப்பினாள். கோடு ஆறு நாள் உயரமாக ஓடி, ஏழாவது நாள் குழிக்குள் விழுந்தது. மறுபடி ஆறு நாள், மறுபடி குழி.

"இது என்ன, பல்லு விழுந்த மாதிரி?"

"ஞாயித்துக்கிழமைக்கா. மில் லீவு."

"அசிங்கமா இருக்குன்னுதான் மேடம் நான் மாசக் கணக்காப் போடச் சொன்னேன்" என்றார் பிராங்கிளின், பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில்.

டெய்சி அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாவே கல்யாணத்துக்குன்னு தேடி வந்தவுக?"

"மாசம் நாப்பது பேர். பாதிக்கு மேல ஞாயித்துக்கிழமைதான் வாராங்க. ஆனா அன்னிக்குப் பாக்குறாங்கங்கிறதால அன்னிக்கே கல்யாணம் வெப்பாங்கன்னு சொல்ல முடியாதுக்கா. அது உங்க நோட்டுலதான் இருக்கும்."

டெய்சி பீரோவைத் திறந்து மண்டப நோட்டை எடுத்துப் புரட்டினார். ஏழு கல்யாணம். விரல் விட்டு எண்ணினார். அஞ்சு ஞாயிறு.

மணி மூன்றரை. மில் மேனேஜர் மதியழகனுக்குப் போன் போனது.

"மதியழகன் சாரா? டெய்சி பேசுறேன். மண்டபத்தக் குடுக்குறேன். ஆனா ஞாயித்துக்கிழமை எனக்கு... ஏன்னா, அன்னிக்கு ஒங்க ஆளுக ஒருத்தர்கூட வர மாட்டாக. கண்ணால பாத்துட்டுத்தான் சொல்றேன்... ஆமா, சனிக்கிழமை ஆறு மணிக்கு ஒங்க பெஞ்சு டேபிளெல்லாம் ஓரமாப் போயிரணும்... சரி, வாங்க, எழுதிக்குவோம்."

போனை வைத்துவிட்டு, பிராங்கிளினிடம் சொன்னார். "வெப்சைட் இருக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கிழமைக்கு அந்த நாப்பது பேர எப்புடி எண்பதாக்கலாம்னு மட்டும் பாருங்க. மாசாமாசம் இந்தப் புள்ள வந்து சொல்லட்டும். நீங்க அலைய வேணாம்."

திரும்பும்போது தாடிக்கொம்பு தாண்டியதும் பின் சீட்டிலிருந்து பிராங்கிளின் கூப்பிட்டார்.

"அமலா."

"சார்."

"நாளையிலருந்து..."

ஸ்கூட்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

"...மத்த பதினோரு கிளையண்டுக்கும் நாள் கணக்கு எடு. மொதல்ல எனக்குக் காட்டு. எனக்குப் புரியுற மாதிரி காட்டு. ஒன்னைய நெரந்தரமாக்குற ஆர்டரையும் நாளைக்கே அடிச்சுத் தர்றேன்."

"சரி சார்." கொஞ்ச தூரம் போனதும் அவளுக்குத் தைரியம் வந்தது. "நம்ம ஆபீஸ் வெப்சைட்டையும் பாத்துரவா சார்? மாசம் எண்ணூறு பேர் வாரதாக் காட்டுது. யாருன்னு..."

"அது வேணாம்."

"ஏன் சார்?"

ஒரு லாரி கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, பிராங்கிளின் சொன்னார்.

"அது நான்தாம்மா."