மஞ்சள் பந்து

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் கடலிலிருந்து மூடுபனி ஏறிவரும் நாட்களில் பந்து புல்லில் விழுந்தால் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதற்காகத்தான் இஷ்பெல் தேன் நிறக் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினாள். மாட்டிக்கொண்டால் மங்கிய வெளிச்சத்திலும் புல்தரையின் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும். அந்த வருடம் கோல்ஃப் கிளப்பின் பெண்கள் கோப்பையில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டாள். எதிரே ஆடியவள் நெட்டா, பள்ளிக்கூடத்துத் தோழி.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். இருவர் பந்தும் வலப்பக்கத்து நெடும்புல்லில் போய் விழுந்தன. இஷ்பெலுடையது வெள்ளை, நெட்டாவுடையது வெளிர்மஞ்சள். இரண்டும் ஒரே கம்பெனி, மேலே அச்சிட்ட எண்ணும் ஒன்றே.

வாகான இடத்தில் கிடந்த பந்தின் முன் இஷ்பெல் மட்டையோடு நின்றாள்.

“ஏய், அது என்னோடதுடி. மஞ்சளாத் தெரியுதே,” என்றாள் நெட்டா.

லென்ஸ் வழியே இஷ்பெலுக்கு இரண்டு பந்தும் ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தன. ஒரு கணம் சந்தேகம் தட்டியது. ஆனால் நகர மனம் வரவில்லை.

“ஒத்தைக் கண்ல புரை எடுத்ததுலேர்ந்து உனக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு கலர்தானே? புருஷனோட வெள்ளைச் சட்டையை மஞ்சளாயிடுச்சுன்னு மறுபடி துவைச்சவதானே நீ!”

நெட்டா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மறு கண்ணை. முகம் சுருங்கிவிட்டது.

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

புல்லுக்குள் புதைந்து கிடந்த மற்றப் பந்தை வெளியே கொண்டுவர முடியாமல் அவள் தோற்றுப்போனாள்.

உடை மாற்றும் அறையில் இஷ்பெல் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து பந்தை எடுத்தாள். மஞ்சள். காது மடல் வரை சுட்டது. பந்தைப் போட்டுவிடக் குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தேவிட்டாள். அப்போது பக்கத்துச் சாப்பாட்டு அறையிலிருந்து நெட்டாவின் குரல் கேட்டது.

“கோல்ஃபை விட்டுடலாம்னு இருக்கேன். கண்ணையே நம்ப முடியல, எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு?”

இஷ்பெல் போய் எல்லோர் முன்னும் பந்தை நெட்டாவின் சூப் கிண்ணத்தருகே வைத்தாள். “நான் அடிச்சது உன் பந்தை.”

“அப்பவே தெரியுமா?”

“சந்தேகம் வந்துச்சு. வந்தும் அடிச்சேன்.”

நெட்டா பந்தை ஜன்னல் பக்கம் தூக்கி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். “மஞ்சள்தான்,” என்றாள். குரல் உடைந்தது. கிளப் தலைவி தன் பக்கம் நகர்த்திய வெற்றிக் கோப்பையை நெட்டா தொடவில்லை.

இருவரும் இஷ்பெலின் காரில் ஒன்றாக வந்தவர்கள். திரும்பும்போது நெட்டா தனியே நின்றிருந்த பேருந்து நிறுத்தத்தருகே இஷ்பெல் காரை நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

“ஏறு, நெட்டா.”

“தோத்தது பெரிசில்லடி. என் கண்ணை நானே சந்தேகப்படும்படி பண்ணிட்டியே. இன்னிக்கு உன் பக்கத்துல உக்கார முடியாது. நீ போ.”

இஷ்பெல் கதவை மூடினாள். பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பிய பிறகுதான் காரை எடுத்தாள்.