நோட்டீசில் வந்த முகம்

இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் பத்து வருடம் நிறைந்த நாள். காலை எட்டரைக்கே அலுவலகத் தொலைபேசி அலறியது. எடுத்தவள் ஆரம்பத்திலிருந்து அங்கே குமாஸ்தா வேலை பார்ப்பவள். எந்த வழக்குக் கட்டையும் கண்ணை மூடிக்கொண்டு உருவிவிடுவாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்கா.

பேசியது தையல்காரம்மா. அன்றைய விழாவில் பேச ஒப்புக்கொண்டிருந்தவள்.

"நோட்டீசுல என் போட்டோவைப் போட்டிருக்கீங்களாமே? பக்கத்து வீட்டுல கொண்டுவந்து காட்டுறாங்க. பேசுறேன்னுதானே சொன்னேன், படம் போடச் சொன்னேனா?"

ஃபைல் அக்கா மேசையில் இருந்த நோட்டீசை எடுத்துப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பொறுக்கி எடுத்ததே அவள்தான். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'செய்யாத திருட்டுக்காக நாற்பது நாள் சிறையில் இருந்த மகளை இந்தத் தாயிடம் மீட்டுத் தந்தோம். எங்கள் பணி தொடர ஆதரவு தாருங்கள்.'

"எம்பொண்ணு மருந்துக்கடையில சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. தினம் சாப்பாடு கொண்டுபோறதால என் மூஞ்சி அவருக்கு அத்துப்படி அக்கா."

அந்தக் கடைக்கும் முந்தின நாள் ஒரு கட்டு நோட்டீஸ் போயிருந்தது.

"நான் இப்பவே போறேன் தங்கச்சி, நீ பதறாதே" என்று சொல்லிவிட்டுப் பதறிக்கொண்டு ஓடினாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பை மாட்டியிருந்தது தெருமுனையில்தான் தெரிந்தது. திரும்ப நேரமில்லை. வழியெல்லாம், கட்டை இன்னும் பிரித்திருக்கக் கூடாது, பிரித்திருக்கக் கூடாது என்று முணுமுணுத்தாள்.

பிரித்திருந்தார்கள். முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உங்கம்மாதானே?" என்றார் அவர்.

ஃபைல் அக்கா முந்திக்கொண்டாள். "இல்லைங்க, அச்சகத்துல படம் மாறிப்போச்சு…"

"அம்மாதான்" என்றாள் பெண். "ஜெயில்ல இருந்தது நான்தான். கோர்ட்டு நான் எடுக்கலைன்னு சொல்லிடுச்சு சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மையத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. பெரிய அளவில் நன்கொடை தரக்கூடிய இருவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு வக்கீல் வாசலுக்கு ஓடிவந்தார். மையத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

"அந்தம்மா எங்கே? அவங்களை நம்பித்தானே விழாவே இருக்கு!"

"வரமாட்டாங்க சார். நான் பேசுறேன்."

மைக்கைப் பிடித்தாள். "செய்யாத தப்புக்கு மாட்டினவங்களை மீட்கிற இடம் இது. ஆனா ஒருத்தரோட கஷ்டத்தை அவங்களைக் கேட்காமலே தெருத்தெருவா விளம்பரம் பண்ணிட்டோம். செஞ்சது நான். கையில இருக்கிற நோட்டீசைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துடுங்க."

வக்கீல் தலை குனிந்துகொண்டார். முன்வரிசையில் ஒருவர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். மற்றவர், "அடுத்த வாரம் சொல்றேன்" என்றார். பின்வரிசைகளிலிருந்து தாள்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. ஃபைல் அக்கா எண்ணிப் பார்த்தாள். தெருவில் இன்னும் எத்தனை கிடக்கிறதோ!

சாயங்காலம் தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

"வேலை போகலை" என்றாள் தாய், தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல். "ஆனா இனிமே கல்லாவுல வேண்டாமாம். பின்னாடி பெட்டி அடுக்கச் சொல்லியிருக்காரு."

"நான் போய் அவர்கிட்ட…"

"வேண்டாம்க்கா. போதும்."

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "நானே கேக்கப்போறேன்" என்றாள். "ஒரு வாரம் பார்க்கிறேன். மறுபடி கல்லாவுக்கு மாத்தலைன்னா கேப்பேன். நீங்க சும்மா என்கூட வந்து நில்லுங்க அக்கா, போதும்."

தாய் மெஷினை நிறுத்தினாள். மகளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள். ஃபைல் அக்கா சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.