பள்ளி விட்ட பிறகு

தாத்தாவுக்காகப் பள்ளியில் வைத்த நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசினார்கள். அவர் நிர்வாக அலுவலராக இருந்தவரை ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை, கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்ததில்லை, அட்மிஷனுக்கு எவ்வளவு பெரிய ஆளின் சிபாரிசோடு வந்தாலும் வரிசையில்தான் நிற்க வைத்தார். பழைய மாணவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நாங்க சாருக்கு வச்ச பேரு பூனை. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு சத்தமே இல்லாம பின்னாடி வந்து நிப்பாரு" என்றதும் அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பேச்சு முடிந்து படத்துக்குப் பூ வைக்க வரிசை நகர்ந்தது. கடைசியாக வந்தவள் அம்மாவைவிட நாலைந்து வயது இளையவளாக இருக்கலாம். பூ வைத்தாள். சாய்ந்திருந்த படத்தை ஒற்றை விரலால் நிமிர்த்தினாள். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "போய்ட்டு வரேன்ப்பா" என்றாள்.

எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சட்டென்று இறுகியது.

"யாரும்மா அது?"

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அம்மா. கேட்டதற்குக் கொஞ்சம் வேகமாகவே வந்தது பதில்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். கடை தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் தாத்தாவை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. சின்ன வயதில் எனக்குக் கசப்பு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் தான் ஒரு மடக்குக் குடித்து, என்னைவிட மோசமாக மூஞ்சியைச் சுளிப்பார். நான் சிரிக்கிற நேரம் பார்த்து ஸ்பூனை வாய்க்குள் விட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "அப்பான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு இல்ல?"

"ஏன், வாப்பா போப்பான்னு ஊர்ல எல்லாரும்தான் சொல்றாங்க. ஆட்டோக்காரரைக்கூட என்னப்பான்னுதான் கேக்குறோம்."

"அப்புறம் ஏன் உன் முகம் இப்படி இருக்கு?"

அம்மா புடவையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் சொன்னாள். அவள் பள்ளியில் படித்த காலத்தில் தொடங்கிச் சில வருடங்கள் தாத்தா தினமும் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவாராம். கேட்டால், ஆபீஸ் வேலை. பள்ளி நாலு மணிக்கே விட்டுவிடும். அதன் பிறகு அப்படியென்ன வேலை என்று ஒருநாள் அவளுடைய அம்மா, என் பாட்டி, பார்த்து வரப் போயிருக்கிறாள். ஆபீஸ் ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் நீளமாகப் பின்னல் போட்ட ஒரு தலை அசைந்தது. உள்ளே போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேக்கல. சண்டை போட்டிருந்தாக்கூட பரவாயில்லை. அன்னைலேர்ந்து தட்டை மேஜையில வச்சுட்டு உள்ள போயிடுவாங்க. அவரு தனியா உக்காந்து சாப்பிடுவாரு. அவங்க சாகுறவரைக்கும் அப்படித்தான்."

"தாத்தாவும் ஒண்ணும் சொல்லலையா?"

"வாயே திறக்கல. தப்பு பண்ணாதவங்க வாயை மூடிக்கிட்டு இருப்பாங்களாடி?"

அது மட்டுமில்லை. அந்த வருடங்களில் அம்மாவின் நீல ஸ்வெட்டர் காணாமல் போனது. ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பாட்டியிடம் அடி வாங்கியது இவள். பெரியவளான பிறகுதான் அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எங்கோ இன்னொரு பெண் குழந்தை இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் அந்த நினைப்புக்கு ஒரு முகம் கிடைத்திருக்கிறது.

"காதைப் பாத்தியா? அப்பாவோட காது மாதிரியே நுனி மடங்கி இருந்துச்சு" என்றாள்.

நான் காதைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு, பார்த்த மாதிரியே இருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை உபசாரமாக உட்கார வைத்துப் பேசினார். கடைசியாகப் பூ வைத்தவர் யார் என்று கேட்டதும் மேஜைமேல் இருந்த பேனாக்களை அடுக்க ஆரம்பித்தார். "பழைய ஸ்டூடண்ட்டா இருக்கும். எத்தனையோ பேரு வராங்க."

இப்படி மேஜையைச் சரிசெய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடை எரிந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் இப்படித்தான் எதையாவது அடுக்குவார்கள்.

தாத்தாவோடு கடைசிவரை வேலை பார்த்த அட்டெண்டர் பள்ளிக்குப் பின்தெருவில் குடியிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ? மனுஷனே போயிட்டாரு."

"உங்களுக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டீங்க. அப்படித்தானே?"

"எனக்கு எதுவும் தெரியாதும்மா. அந்தப் பொண்ணு நல்லபடியா டாக்டராகி, நாய் பூனைன்னு வைத்தியம் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கு. அதைப் போய் ஏன்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த ஊரில் இருந்ததே ஒரே ஒரு விலங்கு மருத்துவமனை. போவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று பக்கத்து வீட்டுப் பூனையைக் கடன் வாங்கினேன். அது கூடைக்குள் இருந்து வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

அன்று படத்தை நிமிர்த்தியவள்தான் டாக்டர். மேஜையில் பூனையை வைத்து வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி மடங்கித்தான் இருந்தது. மடங்காத மாதிரியும் இருந்தது.

"என்ன தொந்தரவு இதுக்கு?"

"சரியா சாப்பிட மாட்டேங்குது."

"பாத்தா ரெண்டு வீட்ல சாப்பிடுற பூனை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "பூனைக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சாரோட பேத்திதானே? என்ன வேணும், சொல்லுங்க."

மாட்டிக்கொண்ட பிறகு சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை. "அவரு உங்களுக்கு அப்பாவா?"

அவள் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. வெளியே இருந்த உதவியாளரிடம் கொஞ்ச நேரம் யாரையும் விட வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

"எங்கப்பா வேற ஆளு. குடிச்சுட்டு வந்தா கையில கிடைச்சதை எடுத்து அடிப்பாரு. அம்மா கிடையாது. அக்கா தையல் கம்பெனியில வேலை பாத்தா, திரும்ப இருட்டிடும். அவ வர்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போனா..." நிறுத்தினாள். பிறகு, "ஒருநாள் பள்ளி விட்ட பிறகு லேப்ல மேஜைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன். தலைமேல ஸ்கூல் பையைக் கவுத்துக்கிட்டு. பூட்ட வந்தவரு கண்ல பட்டுட்டேன்."

அவர் அவளை வெளியே இழுக்கவில்லை. அவரும் தரையில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். யாரிடமாவது சொன்னால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்று அழுதிருக்கிறாள். யார்கிட்டயும் சொல்லக்கூடாது, வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டிருக்கிறாள். அவரும் அவள் கையில் அடித்துச் செய்து கொடுத்துவிட்டார்.

"அன்னைலேர்ந்து தினமும் ஆபீஸ்ல அவரு வேலையை அவரு பாப்பாரு, நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அட்டெண்டர் அண்ணனை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிடுவாரு. கதவைச் சாத்தவே மாட்டாரு. அக்கா கேட்டுக்கு வந்து நின்னதும் அனுப்பிடுவாரு. பள்ளிக்கூடம் முடிக்கிறவரைக்கும் அப்படித்தான்."

"ஸ்வெட்டர்?"

"நீல ஸ்வெட்டரா? மழையில நனைஞ்சு வந்தேன்னு கொடுத்தாரு. அது உங்கம்மாவோடதா?" அவள் முகம் சுருங்கியது.

கதை பொருந்தத்தான் செய்தது. ஆனால் பொருந்துகிற கதைகளைத்தான் என் தொழிலில் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாட்டி ஜன்னலோடு திரும்பி வந்ததைச் சொல்லிவிட்டு, "நீங்க பெரியவங்களான பிறகுமா சொல்லாம இருந்தாரு? யாரு நம்புவாங்க இதை?" என்றேன்.

அவள் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உங்க பாட்டி இறந்த பிறகு ஒருநாள் இங்க வந்தாரு. 'வீட்ல சொல்லிக்கலாமாம்மா?'ன்னு கேட்டாரு. அப்போ எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். அப்பாவைப் பத்திப் புகுந்த வீட்ல யாருக்கும் தெரியாது. வேண்டாம் சார்னுட்டேன். சரிம்மான்னாரு, போயிட்டாரு. எதுக்குக் கேட்டாருன்னு நான் திருப்பிக் கேக்கவே இல்ல. அவரு வீட்ல இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

அங்கிருந்து நேராக அட்டெண்டர் வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்த்ததைச் சொல்லாமல், "முதல் நாள் எங்க ஒளிஞ்சிருந்தா?" என்று மட்டும் கேட்டேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொல்லிட்டாளா?" என்றார். "லேப்லதான். பையைத் தலையில கவுத்துக்கிட்டு ஆமை மாதிரி." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எத்தனையோ தடவை சொன்னேம்மா, வீட்ல மட்டுமாவது சொல்லுங்க சார்னு. குழந்தைகிட்ட கொடுத்த வார்த்தைய்யான்னுவாரு."

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"எனக்கு ஜுரம் அடிச்சப்பகூட இருட்டித்தான் வந்தாரு. யாரோ பெத்த பொண்ணுக்கு ஸ்வெட்டர், எனக்கு முதுகுல அடி. சரி, என்கிட்ட சொல்ல வேண்டாம். எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? அவங்க யார்கிட்டடி சொல்லியிருப்பாங்க? நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. அதுக்குப் பதிலா சந்தேகத்தையே வச்சுக்கிட்டுத்தானே போனாங்க!"

நல்ல மனிதர் என்று மேடையில் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அம்மா சொன்னதும் பொய்யில்லை.

சில நாள் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அவளை வரச் சொல்லு" என்றாள்.

டாக்டர் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி நின்றாள். அம்மா அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நெற்றி, தாடை, முக்கியமாகக் காது. நானும் பார்த்தேன். வெளிச்சத்தில் சாதாரணக் காதுதான்.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம் போகல" என்றாள் அம்மா.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. உக்காரு. சாப்பிட்டுத்தான் போகணும்."

சாப்பிடும்போது நான்தான் வெயில், மழை என்று எதையோ உளறிக்கொண்டிருந்தேன். கை கழுவி வந்த பிறகு அம்மா, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள் போல அவளைப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸ்ல இருக்கும்போது... அவரு சிரிப்பாரா?"

"எப்பவாவது. நான் தப்புத் தப்பா வாய்ப்பாடு சொல்லும்போது."

"இங்க சிரிச்சதே இல்ல" என்றாள் அம்மா. "இவ பிறந்த பிறகுதான்."

பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "வேற என்ன பண்ணுவாரு? ஒண்ணு விடாம சொல்லு."