பத்துக்குப் பத்து வாங்கிய அட்டை

தையல்காரம்மா எழுந்ததும் செய்கிற முதல் வேலை ஜன்னலைத் துடைப்பது. எங்கள் தெரு அப்படி. காலையில் வெளியே போன வெள்ளைப் பூனை ஒன்று மதியம் கறுப்பாகத் திரும்பிவர, வளர்த்தவர்களே உள்ளே விடவில்லை. இருமிக் காட்டிய பிறகுதான் அடையாளம் தெரிந்து சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் ஜன்னலில் ஒரு வெள்ளை அட்டை தொங்கியது. மகள் குருவி கட்டியது. ஒன்பது வயது, எலும்பும் வாயுமான பிள்ளை. "தொடாதம்மா" என்று அவள் சொன்னது, ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தத்தில் அம்மாவின் காதில் விழவில்லை. அட்டையில் களிம்பு, களிம்பில் கரி. பள்ளிக்கூடத்து அட்டை அழுக்கானால் மார்க் போகுமே என்று தையல்காரம்மா ஆறு நாளும் துடைத்து, புதுக் களிம்பும் தடவிவைத்தாள். பொறுப்பான பெண்மணி.

வகுப்பில் மற்ற அட்டைகள் எல்லாம் கறுப்பு. குருவியுடையது மட்டும் பளபளத்தது. தெருமுனையில் மளிகைக்காரர் தினமும் குப்பை கொளுத்துவதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அட்டையைத்தான் நம்பினார்கள். அதில் பத்துக்குப் பத்து போட்டிருந்ததே.

"நாளைக்கு ஓட்டப் பயிற்சி நம்ம தெருவுலதாம்மா. இங்கதான் காத்து சுத்தமாம். காத்துல எவ்வளவு அழுக்குன்னு பாக்கத்தான் அந்த அட்டை" என்றாள் குருவி.

தான் துடைத்தது என்னவென்று தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. போன வருஷம் இந்தப் பிள்ளையின் நெஞ்சு விசிலடித்ததை அவள் மறக்கவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் மார்க்கும் போகும், மானமும் போகும். சொல்லவில்லை.

காலையில் முப்பது பிள்ளைகள் ஓடினார்கள். குருவி ஓடிக்கொண்டே பேசினாள். இரண்டாவது சுற்றில் பேச்சு நின்றது. ஜன்னலில் நின்ற தையல்காரம்மா தெருவுக்கு ஓடிவந்தாள். குருவி பேசாமல் இருந்ததே இல்லை, தூக்கத்தில்கூட. பிள்ளை குந்தி உட்கார்ந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம் பாரித்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க்குக்குள் மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆனது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காத்து சுத்தம்னு நெனச்சேனே அக்கா."

"காத்து இல்ல டீச்சர், நான். தினமும் நான்தான் அட்டையைத் தொடச்சேன். நேத்தே வெவரம் தெரிஞ்சுபோச்சு. வாயைத் தொறக்கல."

மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தொடாதன்னு சொன்னேன்ல."

மறுவாரம் ஜன்னலில் புது அட்டை கறுத்துத் தொங்கியது. தையல்காரம்மா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள். பின்னால் தெருப் பெற்றோர் அத்தனை பேரும்.

"ஊரே பாக்குது. கொஞ்சம் தொடச்சிட்டு எடுத்துட்டு வரக்கூடாதாம்மா?" என்றார் மளிகைக்காரர், தீப்பெட்டியைச் சட்டைப்பையில் ஒளித்தபடி.

"அட்டையைத் தொடச்சா அட்டைதான் சுத்தமாகும், அண்ணே. அழுக்கை மறைச்சேன், எம்புள்ள மூச்சே நிக்கப் பாத்துச்சு. காத்து கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு புள்ளைங்ககிட்ட சொல்லணும், கெடுக்கிறத நாம நிறுத்தணும். அதுங்க நெஞ்சைத் தொடைக்க எங்கிட்ட துணி இல்ல."