சாமி தலைக்கு மேலே திருகாணி

துவாரகா முருகன் கோயிலுக்குத் தகரக் கூரை போடும் கான்ட்ராக்ட் என்னுடையது. சுற்றிலும் திருகாணி முடுக்கியாகிவிட்டது. கருவறைக்கு நேர் மேலே இருக்கும் ஷீட்டுகள் மட்டும் சும்மா கிடந்தன. கமிட்டிச் செயலாளர் கல்யாணராமன் முடுக்க விடவில்லை. ரிடையரான பெரிய அதிகாரி. ஊரையே தன் ஆபீஸ் என்று நினைப்பவர்.

"ஸ்வாமி தலைக்கு மேல ஓட்டை போடப்படாது, மதுமதி. செங்கல்லை அடுக்கி வெச்சாப் போறும்."

"ஓட்டை கூடாது, செங்கல் மட்டும் தலைமேல வைக்கலாமா சார்? ஆந்தி, அதான் புழுதிப் புயல், அடிச்சா ரெண்டும் சேர்ந்து பறக்கும். கீழ நிக்கிறவங்க கழுத்தை அறுத்துடும்."

"முருகன் பாத்துப்பான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று வைகாசி விசாகம். சாயங்கால அபிஷேகத்துக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. மேற்கே வானம் புழுதி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. என் ஆள் அபிஷேக், செயலாளரின் அதட்டலுக்குப் பயந்து இறங்கிவிட்டான். அவன் கையிலிருந்த டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு நானே ஏறினேன்.

"பொம்மனாட்டி ஸ்வாமி தலைக்கு மேல நிக்கறதா? இறங்கு. இல்லேன்னா ஏணியை எடுத்துடுவேன்."

"எடுங்க."

எடுத்தேவிட்டார் மனுஷர். தகரம் முழங்காலைச் சுட்டது. பயமாகவும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் அதிகம். டிரில்லை அழுத்தினேன். காற்று கிளம்பியது. முடுக்காத ஷீட்டின் ஓரம் தூக்கித் தூக்கிப் போட்டது.

கீழே குருக்களின் குரல் கேட்டது. "மேல ஆள் நிக்கறச்சே திரையைத் திறக்கப்படாது. முதல்ல அவாளை இறக்குங்கோ."

கூட்டம் முணுமுணுத்தது. கல்யாணராமன் தானே ஏணியைத் தூக்கி வந்து சாத்தினார்.

"இறங்கும்மா. நாழியாறது."

"எனக்கு அவசரமில்ல சார். இன்னும் ஒரு வரிசை பாக்கி."

"ஜல்தி முடிச்சுடேன்."

"திருகாணி தீந்துபோச்சு. கீழ டப்பா இருக்கு, கொண்டு வந்து குடுங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மூடியிருந்த திரையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டப்பாவோடு ஏணியில் ஏறினார்.

"அப்படியே அந்த ஓரத்தை அழுத்திப் பிடிங்க சார்," என்றேன்.

பிடித்தார். கடைசித் திருகாணியும் இறுகின பிறகுதான் நான் இறங்கினேன்.