வலது கை மேலே

மூன்றாம் தடவை கூட்டிப் பார்த்தும் டெல்ஃபினாவின் தாளில் அறுபத்து நான்குதான் வந்தது. எழுபது வராவிட்டால் அடுத்த வெள்ளி மாவட்ட இறுதி ஆட்டத்தில் அவள் இறங்க முடியாது. டெக்சஸில் படிப்பில் தேறாதவருக்கு மைதானமில்லை. அன்று மாலை நான்கு மணிக்குள் மதிப்பெண்களை அனுப்பியாக வேண்டும். தாளைத் திருத்திய டார்லா ஓட்மர்ஸ்தான் கைப்பந்து அணியின் பயிற்சியாளரும். பள்ளிக்கு அல்ஜீப்ரா வாத்தியார் கிடைக்காமல் ஆகஸ்டில் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். கைப்பந்து அவளுக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். அல்ஜீப்ராவில் பிள்ளைகளைவிட ஒரு பாடம்தான் முன்னால் இருந்தாள்.

மற்ற வரைபடங்களுக்கெல்லாம் அடிப்படையான தாய்ச் சார்புகளைப் பலகையில் வரைந்தால் தூங்கிவிடுகிறார்கள் என்று எல்லோரையும் எழுப்பி நிறுத்திக் கையாலேயே வரைபடம் போடவைத்திருந்தாள். வர்க்கம் என்றால் இரண்டு கையும் மேலே. கனம் என்றால் வலது மேலே, இடது கீழே. வர்க்கமூலத்துக்கு வலது கை மட்டும். வகுப்பு சிரித்துக்கொண்டே செய்தது. தேர்வில் பெரும்பாலோர் சரியாகவே வரைந்திருந்தார்கள். நான்கு பேர் மட்டும் கனத்தையும் வர்க்கமூலத்தையும் இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். நான்கு பேருமே அவளுடைய ஆட்டக்காரிகள். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

மதிய இடைவேளையில் டெல்ஃபினாவைக் கூப்பிட்டாள். பீன்ஸ் சுருட்டிய டார்ட்டியா ரொட்டியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள் பெண்.

"யாரப் பாத்துடி எழுதின?"

"உங்களப் பாத்துதான், கோச்."

"வாய் ரொம்ப நீளுது."

"நெசமாத்தான். நீங்க செஞ்சு காட்டினதத்தான் போட்டேன்."

டார்லா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கனம்" என்று வலது கையை உயர்த்தினாள். எதிரே நின்ற டெல்ஃபினா யோசிக்கவே இல்லை. இடது கை மேலே போனது.

மூன்று வருடமாக ஜிம்மில் கைப்பந்துப் பயிற்சி அப்படித்தான். நான் சொல்றதக் கேக்காதீங்க, என்னப் பாருங்க, கண்ணாடி மாதிரி செய்யுங்க என்று தொண்டை கிழியக் கத்திப் பழக்கியவள் டார்லாவேதான். வகுப்பில் மற்றவர்கள் அவள் வாய் சொன்னதைக் கேட்டார்கள், பிழைத்தார்கள்.

"நேர்மாறா இருக்கேன்னு உனக்குத் தோணலையா?"

"எக்ஸ்ல மூணு கழிச்சா படம் வலப்பக்கம் நகரும்னு நீங்கதான சொன்னீங்க? இந்தப் பாடத்துல எல்லாமே நேர்மாறுன்னு விட்டுட்டேன்."

கழித்தால் ஏன் வலப்பக்கம் நகர்கிறது என்பது டார்லாவுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தப்பு என்னுடையது என்று ஆறு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிடலாம். ஆனால் நாலு ஆட்டக்காரிக்கு மட்டும் கோச் மதிப்பெண் கூட்டினாள் என்றால் இந்த ஊரில் யார் நம்புவார்கள்? தனக்கே அதில் பாதி நம்பிக்கைதான் என்பதுதான் அவளைக் குடைந்தது.

மதியத்துக்குப் பின் வகுப்பில் எல்லோருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்தாள். "நான் உங்களப் பாத்து நின்னுகிட்டு சொல்லிக்கொடுத்தேன். அதுல சில பேர் குழம்பிட்டீங்க. தப்பு என்னோடது. அந்த ரெண்டு படத்தையும் எல்லாரும் திரும்பப் போடுங்க. இந்த மார்க்தான் கணக்கு."

எதற்கெடுத்தாலும் சட்டம் பேசும் பின்வரிசை ட்ராவிஸ், "அடுத்த வெள்ளிக்காகத்தான, கோச்?" என்றான்.

"தெரியல, ட்ராவிஸ்." அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. "கையெல்லாம் வேண்டாம். எக்ஸுக்கு ரெண்டப் போட்டா என்ன வருது, மைனஸ் ரெண்டப் போட்டா என்ன வருதுன்னு பாத்து வரையுங்க. என்னப் பாக்காதீங்க."

பென்சில்கள் ஓடத் தொடங்கின. டெல்ஃபினா இரண்டு கோடுகளைக் குறுக்கே போட்டுவிட்டு அப்படியே நிறுத்தினாள். பென்சில் முனை நடுப்புள்ளியின் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. எதிரணி பந்தை அடிக்குமுன் பக்கக் கோட்டில் நிற்கும் கோச்சின் கையைப் பார்ப்பாளே, அதே பார்வை. டார்லாவின் வலது தோள் தானாக அசைந்தது. அவள் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். டெல்ஃபினா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.