ஆறு மணி நாற்பது நிமிடம்

ஆறு மணி நாற்பது நிமிடம் என்று எழுதியது என் கைதான். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மேசையில் இருந்த ஸ்டாப்வாட்ச் மூன்று மணி ஐம்பது நிமிடம் காட்டியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். என்ன பிறவியோ நான்!

எங்கள் ஆய்வகத்தின் வேலை, நோய்க்குக் காரணமான புரதத்தில் எந்த மருந்து போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது. ஒட்டுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒளிரும் சாயம் சேர்த்து, மூன்று முறை கழுவி, மிஞ்சும் வெளிச்சத்தை அளப்போம். தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி. அழுத்திக் கழுவினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். மெத்தனமாகக் கழுவினால் எல்லாக் குழியும் மின்னும். நான் கழுவினால் இரண்டில் ஒன்று நிச்சயம். இருபத்தொரு வருடமாக அதைப் பிசகில்லாமல் செய்தவர் எங்கள் டெக்னீஷியன். கைராசி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சாயமே வேண்டாத கருவி ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. மருந்து ஒட்ட ஒட்ட, திரையில் கோடு ஏறும். கழுவல் கிடையாது. ஒரு தட்டு நாற்பது நிமிடம். எனக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. இயக்குநரோ கையை விரித்தார்.

"பத்து மடங்கு வேகம்னு காட்டுங்க. இல்லன்னா கமிட்டி அசையாது."

பழைய முறைக்கு ஆகும் நேரத்தை அளக்க அண்ணனிடம் போனேன். என் கையில் ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சீனியர் பதவிக்கு ஒன்பது வருடமாகக் காத்திருந்தவர்.

"ப்ரமோஷனுக்காம்மா? வீட்டுல சொல்லிடட்டுமா?"

"ம்ம்... பாக்கலாம்ணே."

அந்த 'ம்ம்' ஒன்றுக்காகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மனுஷர் டீ குடிக்கக்கூடப் போகாமல் பறந்து பறந்து செய்தார். முடிந்ததும் படிவத்தை நீட்டினேன். நேரத்துக்கான கட்டம் காலியாகவே இருந்தது.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றப் போனார்.

நான் நாற்பதைப் பத்தால் பெருக்கினேன். நானூறு நிமிடம். மற்றவர்களுக்கு அவ்வளவு ஆகத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் கையெழுத்தா அதில் இருந்தது?

கருவி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாத வேலையை ஒரே வாரத்தில் முடித்தது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். பின்வரிசையில் நின்று ரொம்ப நேரம் தட்டியவர் அண்ணன்.

மறுவாரம் ஒரு கடிதத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார். 'ஒரு தட்டுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வதால்' பதவி உயர்வு இல்லையாம். கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அறைக்கு மாற்றமாம்.

"நான் அவ்ளோ மெதுவாவாம்மா செய்யறேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது... ஃபார்ம்ல அப்படித்தான்ணே போடணும்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"கையெழுத்து என்னோடதுதானே. நான்தான் படிச்சுப் பாத்திருக்கணும். வீட்டுலதான் என்ன சொல்றதுன்னு தெரியல. கை வேகம் கை வேகம்னு பீத்திக்கிட்டே இருந்தேன்."

அன்றிலிருந்து கழுவும் அறைப் பக்கம் போவதைத் தவிர்த்து, மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

இரண்டு மாதம் கழித்துக் கருவியில் ஒரு மருந்து அருமையாக ஒட்டியது. வெளியே அறிவிப்பதற்குமுன் பழைய முறையிலும் ஒருதடவை உறுதி செய்யச் சொன்னார் இயக்குநர். நான் மூன்று தட்டு போட்டேன்; மூன்றும் பாழ். வேறு வழியில்லை. கழுவும் அறைக்குப் போனேன். அண்ணன் முழங்கைவரை சோப்பு நுரையோடு குடுவைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு தட்டு..."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய இழுப்பறையைத் திறந்து ஸ்டாப்வாட்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நேரம் பாருங்கம்மா. இந்தத் தடவை நீங்க எழுதுங்க, அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

உட்காரத் தோன்றாமல் பக்கத்திலேயே நின்றேன். முதல் கழுவல், இரண்டாவது, மூன்றாவது. ஒரு குழிகூடப் பாழாகவில்லை. மருந்து ஒட்டியது உண்மைதான். மூன்று மணி நாற்பத்தாறு நிமிடம். போன தடவையைவிட நான்கு நிமிடம் குறைவு.

எழுதினேன். அதன்கீழே, முன்பு கொடுத்த நேரம் பொய், அதை எழுதியது நான், அண்ணனுக்கு அது தெரியாது என்றும் எழுதி, இயக்குநர் பார்வைக்கு என்று குறித்து, என் கையெழுத்தையும் வைத்தேன்.

காகிதத்தை அவரிடம் நீட்டினேன். வழக்கம்போல் வாங்கியவுடன் போட்டுவிடுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். என் வரி வந்ததும் விரல் நின்றது. மறுபடி அதை ஆரம்பத்திலிருந்து படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரியா இருக்கும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடுவை கழுவப் போனார்.

எனக்குத் தெரிந்து, நான் கொடுத்த காகிதத்தை அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.